கை நனைக்காமல் போனவர்கள்

1

அந்த எண்ணம் எனக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினியில், இடைவேளைக்குச் சற்று முன்னால், திருச்சி மெயின்கார்டு கேட் பக்கத்துக் கொட்டகை ஒன்றில். திரையில் ஒரு பெரிய குடும்பம். அண்ணன் தம்பிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் பிரிந்து கிடக்கிறார்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட மூத்தவன் திரும்பி வருகிறான். யாரோடும் பேசவில்லை. நேரே சமையற்கட்டுக்குப் போகிறான், தானே சமைக்கிறான், தானே இலை போடுகிறான், எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துப் பரிமாறுகிறான். முதல் கவளத்தில் ஒரு தம்பிக்குக் கண் கலங்குகிறது. இரண்டாவது கவளத்தில் கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சுகிறது. நானும் உறிஞ்சினேன். உறிஞ்சிய கையோடு முடிவு கட்டிவிட்டேன்: இந்த நாட்டு ஜனங்களை வழிக்குக் கொண்டுவர இதுதான் வழி. சமைத்துப் போட வேண்டும். சாப்பிட்டால் கரைந்துவிடுவார்கள்.

இடைவேளையில் கோபாலும் அவன் தங்கை ரங்கநாயகியும் கடலைக்காரனிடம் நின்றார்கள். கோபால் என்னோடு திருவெறும்பூர் ஒர்க்‌ஷாப்பில் மெஷின் சாமான்களுக்குப் படம் வரைகிறவன். எங்கள் சினேகிதத்துக்கு அஸ்திவாரமே சினிமாதான். அவன் தங்கைக்கும் சினிமாப் பைத்தியம், ஆனால் எங்களைப் போல வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற பைத்தியமில்லை.

"எப்படி, அந்தச் சாப்பாட்டுக் காட்சி?" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நல்லா அழுவுறீங்க" என்றாள் ரங்கநாயகி. "சோறு போட்டா சண்டை தீந்துடுமா? எங்க வீட்ல பந்தியிலதாங்க சண்டையே ஆரம்பிக்கும்."

கோபால் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டேன். அந்த மாதத்தில்தான் கோபால் தன் வீட்டில் என்னைப் பற்றிப் பேச்செடுத்திருந்தான். அவளை எனக்குக் கொடுப்பார்களா மாட்டார்களா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லாத நாட்கள் அவை.

2

மலேயாவில், நம் ஈப்போவில் இதைப் படிக்கிற உங்களுக்கு நான் ஒன்று சொல்லியாக வேண்டும். நாம் அங்கே கொட்டகையில் பார்த்த தமிழ்நாடு இங்கே இல்லை.

எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது பாதி பள்ளிக்கூடம், பாதி படம். ஊரெல்லாம் ஓடித் தேய்ந்து, மழை பெய்கிற மாதிரிக் கோடு விழுந்து வருகிற படச்சுருளை நாம் புதுப்படம் என்று கொண்டாடவில்லையா? வசனம் நமக்கு மனப்பாடம். அம்மா அடித்தால்கூட வசனம் பேசித்தான் அழுவேன். காலேஜ் படிப்புக்காகப் பினாங்கிலிருந்து கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் பிடித்துத் திருச்சி ஜங்ஷனில் காலை வைத்ததும், டிரங்குப் பெட்டியைத் தூக்க வந்த ஆளிடம், "அன்பரே, தாங்கள் கேட்கும் கூலி யாது?" என்று கேட்டேன். தமிழ்நாட்டில் அப்படித்தான் பேசுவார்கள் என்று சத்தியமாக நம்பினேன். அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ராஜா வேஷம் கட்டுற கம்பெனியா சாமி? பெட்டியில கிரீடம் இருக்கா?" என்றான். பிளாட்பாரமே சிரித்தது.

அதன் பிறகு வசனத்தை அடக்கிக்கொண்டேன். நாம் வீட்டில் பேசுகிற பேச்சாவது கைகொடுக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. காலேஜ் ஹாஸ்டலில் சமையற்காரரைப் பார்த்து "பசியாறிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டேன். "தம்பி ராவுத்தர் வீட்டுப் பிள்ளையா?" என்றார் அவர். இல்லை என்றதும் அவர் முகத்தில் குழப்பம். இங்கே பசியாறுகிறவர்கள் அவர்கள்தானாம், மற்றவர்கள் சாப்பிடுகிறவர்கள். இப்போது நானும் சாப்பிடுகிறேன். கோப்பியைக் காப்பி என்றே சொல்கிறேன். வாயைத் திறந்தால் வெளியூர் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

போன வருஷம் என் அக்காள் ஈப்போவிலிருந்து பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்திருந்தாள். இரண்டையும் மலைக்கோட்டைக்கு அழைத்துப்போனேன், காவேரியில் இறக்கினேன், மாலையில் படத்துக்குக் கூட்டிப்போனேன். கொட்டகையே தேம்பி அழுதுகொண்டிருந்தபோது பெரியவன் என் காதில், "மாமா, அந்த ஆளுக்கு வயித்து வலியா?" என்று இங்கிலீஷில் கேட்டான். சின்னவள் தூங்கிவிட்டாள். கப்பல் ஏறும்போது இரண்டும் குதித்துக்கொண்டு ஏறின, வீட்டுக்குப் போகிறோம் என்று. அவர்களுக்கு இந்த ஊர் ஒட்டவில்லை, அவ்வளவுதான், வருத்தமில்லை. எனக்கு ஒட்டுகிறது. ஊர்தான் உதறுகிறது.

3

வருஷத்துக்கு ஒரு தடவை நான் இங்கே இருப்பதாக ஓர் ஆபீசில் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். பென்சிலைக் காதில் செருகிய ஒருவர் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பார்.

"பொறந்த ஊரு?"

"ஈப்போ."

"எந்தத் தாலுக்கா?"

"மலேயாவுங்க. இப்ப மலேசியா."

"அப்பா ஊரு?"

"முசிறிங்க."

"அப்ப முசிறின்னு சொல்ல வேண்டியதுதானே. எதுக்கு ஊர சுத்துறீங்க?" என்று எழுதப் போவார். அடுத்த நாற்காலிக்காரர், "அப்படி எழுதக் கூடாது, அவரு வெளிநாட்டாரு" என்பார். உடனே இவர் நாற்காலியைச் சற்றே பின்னால் தள்ளிக்கொண்டு என்னைப் பார்ப்பார், வெளிநாட்டார் எப்படி இருப்பார் என்று. இந்த வெளிநாட்டார் பட்டத்தால்தான் பெரிய சர்க்கார் தொழிற்சாலையில் எனக்கு வேலை இல்லை என்றார்கள். அதற்குச் சாமான் செய்து கொடுக்கிற சின்ன ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து அதே தொழிற்சாலைக்குப் படம் வரைகிறேன்.

முசிறியில் எனக்கு ஒரு பெரியப்பா உண்டு. அப்பா கப்பலேறின நாள் தொட்டு அவருக்கு டார்ச் லைட், கம்பளி, கடிகாரம் என்று போய்க்கொண்டேயிருந்தது. பெண் பேச நம் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டுமே என்று பஸ் ஏறிப் போய் நின்றேன். வாழைத்தோப்பிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"நல்ல காரியந்தாம்ப்பா. நான் எப்படி வர்றது? மாடு கன்னு கெடக்குது."

"ஒரு நாள்தான் பெரியப்பா. காலையில வந்தா சாயங்காலம் பஸ் இருக்கு."

"பஸ்ஸு இருக்கு. மாட்டுக்குத் தெரியுமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணைப் பெத்த மண்டிக்காரரு மச்சினனும் இந்த ஊருதான். நாளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தானே கேப்பாங்க. நீ எப்படி வளந்தேன்னு எனக்கு என்ன தெரியும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

4

கோபாலின் அப்பாவுக்குச் சீரங்கத்தில் மேலூர்ப் பக்கம் வாழைக்காய் மண்டி. சாதி ஒன்றுதான் என்று முசிறி மூலமாகவே விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். "ஆளு நம்ம ஆளுதான். ஆனா ஆளு இல்லாத ஆளா இருக்கானே" என்று முசிறியிலிருக்கிற கோபாலின் தாய்மாமன் சொன்னதாகக் கோபாலே வந்து சொன்னான். அம்மாவுக்கு அரை மனசு. அப்பாவுக்குப் பரவாயில்லை. ரங்கநாயகிக்குச் சம்மதம், அதை அவள் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிவிட்டாளாம். முதலில் பையன் இருக்கிற இடத்தைப் பார்ப்போம் என்று அப்பாவும் மாமனும் திருவெறும்பூருக்கு வருவதாக ஏற்பாடு.

"ஞாயித்துக்கெழம வராங்கடா ஈப்போ. வீட்டைக் கூட்டி வை" என்றான் கோபால். அவன் எனக்கு வைத்திருந்த பெயர் ஈப்போ.

"சாப்பாடு?"

"சாப்பாடெல்லாம் வேணாம்டா. ஒரு காப்பி போதும்."

வேண்டாம் என்றால் உபசாரத்துக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். நம் வீடுகளில் முதல் தடவை யார்தான் வேண்டும் என்கிறார்கள்? நான் பார்த்த படங்களிலும் வேண்டாம் என்றவன்தான் கடைசியில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவான்.

ஆட்டுக்கறியும் கோழிக்கறியும் அவர்கள் வீட்டிலேயே உண்டு, ஏகாதசியும் புரட்டாசியும் போக. என் வீட்டில் என் ஊர்ச் சமையல் இருக்க வேண்டாமா? எங்கிருந்து வந்தவன், எங்கிருந்து வந்தவன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, இங்கிருந்துதான் வந்தேன் என்று இலையில் வைத்துக் காட்டலாம் என்று தோன்றியது. ஈப்போவில் நல்ல நாள் வந்தால் அப்பா சீனன் கடையிலிருந்து வாத்து வாங்கி வருவார். அம்மா அதில் மிளகும் தனியாவும் போட்டு, நாம் கிச்சாப் என்கிற கறுப்புச் சாற்றை ஊற்றி ஒரு குழம்பு வைப்பாள். அந்தச் சாறு ஒரு போத்தல் அக்காள் கொண்டுவந்து கொடுத்தது அப்படியே இருந்தது.

வாத்துக்கு இங்கே பஞ்சமில்லை. அறுவடை முடிந்த வயல்களில் தஞ்சாவூர் ரோடு நெடுக மந்தை மந்தையாக மேய்கிறது. ஒன்றை விலைக்குக் கேட்டேன். மேய்க்கிறவர், "முட்டை போடுறதுக்கா?" என்றார். கறிக்கு என்றதும் மந்தையில் இருந்ததிலேயே வயதான ஆண் வாத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தபோது வழியெல்லாம் அது கத்திய கத்தலில் திருவெறும்பூரே எட்டிப் பார்த்தது.

இங்கேதான் நான் ஒன்றை யோசிக்காமல் விட்டேன். ஈப்போவில் நான் வாத்தைப் பார்த்ததெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால், பழுப்பாக, பளபளவென்று, கொக்கியில் தொங்குகிற கோலத்தில்தான். இறகோடு இருக்கிற வாத்தைக் கறியாக்குவது எப்படி என்று எனக்கு என்ன தெரியும்? கறிக்கடையில் அறுத்துக் கொடுத்தார்கள், அதற்கு மேல் எங்களுக்குப் பழக்கமில்லை தம்பி என்று கையை விரித்துவிட்டார்கள். கோழி மாதிரி வெந்நீரில் முக்கினேன். ஓர் இறகு அசையவில்லை. தண்ணீரே ஒட்டாத பறவையாயிற்றே. கொதிக்கக் கொதிக்க ஊற்றி, குறடு வைத்துப் பிடுங்கினேன். வால் பக்கத்தில் கொழுப்புக் கட்டி மாதிரி ஒன்று உண்டு, அதை முதலில் வெட்டி எறியாவிட்டால் கறி முழுக்க அந்த வாடை ஏறிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதையும் சேர்த்தேதான் துண்டு போட்டேன்.

பம்ப் ஸ்டவ்வில் அந்தக் கிழ வாத்து வெந்துகொண்டே இருந்தது. எண்ணெய் நான் ஊற்றியது ஒரு கரண்டி, மேலே மிதந்தது அரைச் சட்டி. கறுப்புச் சாற்றை ஊற்றியதும் ஒரு புகை எழுந்தது. வீட்டுக்கார அம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தம்பி, சைக்கிள் டயரு ஏதும் எரியுதா பாருங்க" என்றார்கள்.

எனக்கோ அது அம்மாவின் சமையற்கட்டு மாதிரி மணத்தது. ருசி பார்த்தேன். கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. பழகாதவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், சாப்பிடச் சாப்பிடச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5

மண்டிக்காரர், முசிறி மாமா, பின்னால் கோபால், மூவரும் வந்தார்கள். மண்டிக்காரர் சாது. கூரையைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்தார், தலையை ஆட்டினார். மாமா சுவரில் நான் ஒட்டியிருந்த சினிமாப் படங்களைப் பார்த்தார்.

"சாமி படம் ஒண்ணும் காணலியே?"

"உள்ளே இருக்குங்க."

"உள்ளே இருக்காரா. வெளியில இவங்கல்லாம் இருக்காங்க."

கோபால் எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினான், காப்பி, காப்பி என்று. நான் கவனிக்கவில்லை. கூடத்தில் பாயை விரித்து மூன்று இலையைப் போட்டேன். தண்ணீர் தெளித்தேன். சோற்றுப் பாத்திரத்தையும் குழம்புச் சட்டியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உக்காருங்க" என்றேன்.

மூவரும் நின்றபடியே நின்றார்கள்.

"எதுக்குத் தம்பி இதெல்லாம்?" என்றார் மண்டிக்காரர் மெதுவாக. "காப்பி இருந்தா குடுங்க. குடிச்சுட்டுக் கெளம்புறோம்."

"சாப்பிட்டுத்தாங்க போகணும்."

மாமா சட்டியை எட்டிப் பார்த்தார். "தாரு மாதிரி இருக்கே. என்ன கறி?"

"வாத்துங்க."

"வாத்தா!" மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "முட்டை தின்னுருக்கேன். இதைப் புடிச்சு உரிச்சு யாருய்யா திம்பா? ஏன் தம்பி, உங்க ஊர்ல மிதக்குறது பூராத்தையும் தின்னுடுவீங்களா? கப்பல் தப்பிச்சு வந்ததே பெரிசு."

கோபால்கூடச் சிரித்துவிட்டான். எனக்குக் காது சூடேறியது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அந்த நேரம் பார்த்து வாயில் வந்தது. "அன்போடு படைத்த அன்னத்தை மறுப்பது, படைத்தவனையே மறுப்பதாகும்" என்றேன், குரலைக்கூட ஏற்றி.

மாமா கேட்டார்: "இது எந்தப் படம் தம்பி?"

அப்போதும் மண்டிக்காரர்தான் இரக்கப்பட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, வாத்தும் கோழியும் பேச்சில்ல. சம்பந்தம் பேசி முடிக்காத வீட்டுல நாங்க கை நனைக்க மாட்டோம். நனைச்சுட்டா முடிஞ்சதுன்னு அர்த்தம். எல்லாம் கூடி வரட்டும், விருந்தா வந்து சாப்பிடுறோம். உங்களுக்கு ஒரு பெரியவங்க இருந்தா இதைச் சொல்லிக் குடுத்திருப்பாங்க."

அன்பாகத்தான் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குக் கேட்டது அது ஒன்றுதான். நான் பார்த்த எந்தப் படத்திலும் பசியோடு வந்த சம்பந்தி காப்பி குடித்துவிட்டு எழுந்து போனதில்லை. கூச்சப்படுகிறவரைக் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள், அதோடு காட்சி முடியும். நானும் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "ஒரு வாய்" என்று இலைப் பக்கம் இழுத்தேன். அவர் தடுமாறிச் சட்டிமேல் குனிந்தார். விரல் நுனி குழம்பில் படப்போகிற சமயம் வெடுக்கென்று கையை உதறிக்கொண்டார். சாதுவான மனிதர் முகம் அப்படி மாறும் என்று நான் நினைக்கவில்லை.

"கையைப் புடிச்சு முக்குறியா? பொண்ணை அப்படி வாங்கிடலாம்னு பாக்குறியா?"

"ஐயா, நான் அப்படி..."

"கெளம்பு மாப்ளே" என்றார் மாமா அவரிடம். "அந்த ஊர்ல அப்படித்தான் பழக்கமோ என்னமோ."

காப்பி டிகாஷன் போட்டது போட்டபடி இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டுக் கோபால் மட்டும் தன் சைக்கிளை எடுக்கத் திரும்பி வந்தான்.

"ஏண்டா, காப்பின்னு சொன்னேனேடா. தலைபாடா அடிச்சுக்கிட்டேனேடா."

"வேணாம்னா வேணாமா உங்க ஊர்ல?"

"எங்க ஊர்ல வேணாம்னா வேணாந்தாண்டா." அவன் அடுக்குப் பாத்திரம் ஒன்றை எடுத்தான். "ஒரு கரண்டி ஊத்து. வேணாம்னாலும் அவரு சமைப்பாரு, கொஞ்சம் கொண்டாந்து காட்டுன்னு ரங்கா காலையிலேயே சொல்லி விட்டுச்சு. கேட்டா என்ன சொல்றது?"

6

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் கோபால் என்னைப் பார்க்காமலே பென்சிலைச் சீவிக்கொண்டு சொன்னது இது. வீட்டில் அப்பா நடந்ததைச் சொல்ல, அம்மா கத்த, மாமா வசனத்தை நடித்துக் காட்ட, வீடே அமளிப்பட்டிருக்கிறது. ரங்கநாயகி கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்திருக்கிறாள். அம்மா பார்க்கப் பார்க்கச் சோற்றில் பிசைந்து, இரண்டு துண்டு கறியையும் தின்று முடித்திருக்கிறாள்.

"நாத்தம் தாங்கலடா" என்றான் கோபால். "கண்ணுல தண்ணி வந்துடுச்சு அதுக்கு. ஆனா நிறுத்தல. தின்னு முடிச்சுட்டு அம்மாகிட்ட கையை நீட்டிக் காமிச்சுச்சு. 'நான் நனைச்சுட்டேன். இனிமே நீங்க நனைச்சா என்ன, நனைக்காட்டி என்ன?' அப்படின்னு கேட்டுச்சு."

"அம்மா?"

"கொடத்துத் தண்ணியைத் தலையோட ஊத்துச்சு. முழுகு, முழுகுன்னு. மாமா தன் பையனுக்கே கேட்டுட்டாரு. பங்குனி பொறந்ததும் நிச்சயம்."

முசிறி மாமாவின் பையனை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கெட்டவன் என்று சொல்ல ஒன்றுமில்லை. படம் பார்க்கிறதில்லையாம். அவனுக்கு ஆள் இருக்கிறது, தெரு இருக்கிறது, ஊர் இருக்கிறது. எந்தத் தாலுக்கா என்று அவனை யாரும் கேட்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு ரங்கநாயகியை மாட்டினிக்கு அனுப்புவதில்லை. நானும் போகவில்லை. ஒரே ஒரு நாள் பழக்கதோஷத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன். திரையில் யாரோ யாரையோ அண்ணா என்று கட்டிக்கொண்டார்கள், பக்கத்தில் எல்லாரும் அழுதார்கள். இவர்கள் இங்கே அழுகிற மாதிரி வீட்டில் ஒருவரும் அழுவதில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வெளியூர்க்காரனுக்காக இவர்கள் சிந்துகிற கண்ணீரெல்லாம் கொட்டகையிலேயே தீர்ந்துவிடுகிறது, பாலம் தாண்டிச் சீரங்கத்துக்குப் போகிற வரைக்கும் மிச்சம் இருப்பதில்லை. கப்பலேறித் திரும்பி வந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மா சந்தோஷப்படுவாள். நீங்களும், சொன்னோமே கேட்டானா என்பீர்கள்.

ஆனால் ஒருத்தி நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு கை நனைத்திருக்கிறாள். நான் பெட்டி கட்டினால் அது என்ன கணக்கு?

பெரியப்பா வர மாட்டார். அழைத்துப்போக வேறு ஆளும் இல்லை. தட்டு, பழம், பாக்கு வெற்றிலையோடு முறையாகப் போவதற்கு எனக்கு வழியில்லை என்றால் முறையில்லாமல்தான் போக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை, நடுப்பகலில், அவர்கள் இலை போடுகிற நேரம் பார்த்துச் சீரங்கம் போகிறேன். கோபாலிடம் சொல்லிவிட்டேன். "அடிச்சுப் போட்டுடுவாங்கடா" என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தானே, அவன் அதைச் சொல்லாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மண்டிக்காரர் கை ஓங்க மாட்டார். மரியாதைப்பட்டவர், வாசலுக்கு வந்தவனுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, பேச்சை முடித்து அனுப்பத்தான் பார்ப்பார். டம்ளரைத் தொட மாட்டேன், காப்பிக்குக் கை நனையாது. கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கிறவளுக்கும் கேட்கிற மாதிரி, எனக்கு ஒரு இலை போடுங்கள், பசிக்கிறது என்று கேட்கப் போகிறேன்.